ஞானப்பிரகாசம் சாரின் நாக்கு

சென்ற மாதம் என் கணவர் வேலை பார்க்கும் செராமிக் யூனிட்டுக்குச் சென்னையிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெரிய ஓட்டல் ஒன்றின் பாரில் காக்டெயில் கலக்குகிறவள். கட்டைவிரல் உயரத்தில் பீங்கான் குப்பிகள் வேண்டுமாம், சொட்டுச் சொட்டாக விடுவதற்கு வாயில் ஒரு குழாயும் வைத்து. அகல் விளக்கும் கொலு பொம்மையும் செய்கிற இடத்தில் அப்படி ஒரு சாமானை யாரும் கேட்டதில்லை. "இதுல என்னம்மா ஊத்துவீங்க, கண்ணு மருந்தா?" என்று யூனிட் ஓனர் கேட்டிருக்கிறார். அவள் "பிட்டர்ஸ்" என்று சொன்னதும் என் கணவருக்குத் தாங்கவில்லை. "அது எங்க வூட்டம்மா சமாச்சாரமாச்சே" என்று அவளைக் கையோடு வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்.

அந்தப் பெண் பையிலிருந்து தான் செய்த ஒரு சின்ன பாட்டிலை எடுத்து என்னிடம் நீட்டினாள். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நாக்கில் வைத்தேன். ஆரஞ்சுத் தோலும் ஏலமும் நன்றாக இருந்தன. தோலின் உட்பக்க வெள்ளையைச் சரியாகச் சுரண்டவில்லை என்று சொன்னேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். பிறகு பேச்சு லிக்கருக்குப் போனது. அவர்கள் பாரில் இனிப்பு அளக்க மீட்டர் வைத்திருக்கிறார்களாம். உங்கள் காலத்தில் எப்படி என்றாள். நாக்குதான் என்றேன்.

"நாக்கு தப்பு பண்ணாதா மேடம்?"

சிரித்துவிட்டேன். அதற்குப் பதில் சொல்ல ஒரு பொழுது வேண்டும், அவளுக்கோ ரயிலுக்கு நேரமாகிவிட்டது. எழுதி அனுப்புகிறேன் என்றேன். ஆரம்பித்தால் நீண்டுகொண்டே போகிறது.

எங்கள் தெருவில் எனக்குச் சாராயக் கம்பெனிக்காரி என்று பெயர். தப்பில்லை. புதுச்சேரியில் ஒரு சிறிய கம்பெனி, பிராந்தி விஸ்கி எதுவும் செய்யாது. இரண்டே வகைச் சரக்கு. ஒன்று லிக்கர்: ஏலம், பட்டை, கிராம்பு, சாதிபத்திரி, நாரத்தைத் தோல் இவற்றை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, வடிகட்டி, சர்க்கரைப் பாகு சேர்த்துச் செய்வது. இன்னொன்று பிட்டர்ஸ்: நிலவேம்பு, சின்கோனாப் பட்டை, வெளிநாட்டு வேர்கள் என்று கசக்கிற சமாசாரங்களைக் கெட்டியாக ஊறவைத்து எடுத்தது. அதை யாரும் குடிப்பதில்லை. ஒரு கோப்பைக்கு இரண்டு சொட்டு விடுவார்கள். குழம்புக்குப் பெருங்காயம் போடுகிற கணக்கு. இரண்டுமே ஓட்டல் பார்களுக்குத்தான் போகும்.

நான் கெமிஸ்ட்ரி படித்தவள். அப்பா பள்ளிக்கூட வாத்தியார், கொளஞ்சியப்பர் கோயிலுக்குக் கிருத்திகை தவறாமல் போகிறவர். இந்த வேலைக்கு ஆர்டர் வந்தபோது அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார்.

"அங்க போயி நீ குடிக்கணுமா?"

"இல்லப்பா. வாயில வெச்சித் துப்பணும்."

"சம்பளம் குடுத்துத் துப்பச் சொல்றாங்களா?" என்று கேட்டுவிட்டு மோரை ஊற்றிக்கொண்டார். அத்துடன் சம்மதம் ஆயிற்று. கல்யாணத்துக்குப் பிறகும் வேலையை விடவில்லை. கணவர் செல்வராசுக்கு இங்கே விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் வேலை. ஆர்டர் இருந்தால் சூளை எரியும், இல்லாவிட்டால் ஆட்கள் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்கள். அதனால் வீடு என் வேலையை நம்பித்தான் இருந்தது. திங்கட்கிழமை விடிகாலை பஸ் ஏறினால் சனிக்கிழமை சாயங்காலம்தான் திரும்புவேன். மகளை மாமியார் பார்த்துக்கொண்டார்.

தொழில் கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஜாடி கழுவினேன், பட்டை இடித்தேன், வடிகட்டும் துணியைத் துவைத்தேன். மற்றதெல்லாம் ஞானப்பிரகாசம் சாரைப் பார்த்துப் பார்த்துப் பழகியது.

அவர்தான் அங்கே ருசி பார்ப்பவர். ஒவ்வொரு சரக்கும் அவர் சரி என்று தலையசைத்தால்தான் பாட்டிலுக்குப் போகும். ஒல்லியான உருவம், எப்போதும் அரைக்கைச் சட்டை, குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் மட்டும் வார்த்தைக்கு வார்த்தை "தயவு செஞ்சி" என்பார். "தயவு செஞ்சி அந்தக் கிராம்ப எடுங்க. தயவு செஞ்சி இப்பவே எடுங்க" என்றால் நாங்கள் ஓட வேண்டும். கிராம்பு ஒருநாள் கூடுதலாக ஊறினால் நாக்கை மரக்கச் செய்துவிடும். ஏலம் பொறுமையாக இருக்கும். பட்டை மெதுவாகத்தான் இறங்கும். அதனால் எல்லாவற்றையும் ஒரே ஜாடியில் கொட்ட மாட்டோம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பீங்கான் ஜாடி. தினமும் ஒவ்வொரு ஜாடியிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்துத் தண்ணீரில் விட்டுப் பார்ப்போம். சோம்பு ஊறிய ஸ்பிரிட் தெளிவாக இருக்கும். தண்ணீரில் விழுந்ததும் பால் போல வெளுத்துவிடும். அதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுத்ததில்லை.

ருசி பார்க்கும் அறைக்குள் பூ வைத்துக்கொண்டு போகக் கூடாது. கதவுக்கு வெளியே வரிசையாக ஆணி அடித்திருக்கும். பெண்கள் தலையிலிருந்த மல்லியைக் கழற்றி அதில் மாட்டிவிட்டு உள்ளே போவோம். தலைக்கு எண்ணெய், முகத்துக்குப் பவுடர், கைக்கு வாசனைச் சோப்பு எதுவும் கிடையாது. சாருக்கு இன்னும் கட்டுப்பாடு அதிகம். வெங்காயம் இல்லை, பச்சைமிளகாய் இல்லை, வெற்றிலை இல்லை. காலையில் வெறும் வயிற்றோடு வருவார். நாக்கு கழுவின தட்டாக இருக்கும் நேரம் அதுதான் என்பார். வெந்நீரில் வாய் கொப்பளித்துவிட்டு உட்காருவார். ருசி பார்த்து முடித்த பிறகுதான் கேண்டீனுக்குப் போய் இட்லி சாப்பிடுவார், சர்க்கரை போடாத டீயோடு. டீ அவருக்கு எப்போதும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

லிக்கரில் பாகு சேர்ப்பதுதான் கடைசி வேலை, கஷ்டமான வேலையும் அதுதான். எடை போட்டுச் சேர்த்துவிட முடியாது. ஒரு வருடத்து நாரத்தைத் தோல் போல இன்னொரு வருடத்துத் தோல் கசக்காது. அதற்கேற்ப இனிப்பு மாற வேண்டும். மிதக்கவிட்டு இனிப்பை அளக்கும் பாகுமானி வைத்துப் பார்க்கலாமே என்று நான் சேர்ந்த புதிதில் கேட்டேன். ஸ்பிரிட் அந்தக் கருவியை அமுக்கும், சர்க்கரை அதைத் தூக்கும், இரண்டும் சேர்ந்தால் அது பொய்தான் சொல்லும் என்று சார் விளக்கினார். அதனால் நான் கணக்குப்படி முக்கால்வாசிப் பாகைச் சேர்த்துக் கலக்கி மாதிரி எடுத்துப் போவேன். அவர் ருசி பார்த்து இன்னும் எவ்வளவு என்று சொல்வார். இப்படித்தான் வருடக் கணக்காக நடந்தது, ஒரு புகார் கிடையாது.

பிறகு சரக்கு திரும்பி வர ஆரம்பித்தது.

முதலில் ஒரு ஓட்டல். தித்திப்பு திகட்டுகிறது என்று பெட்டியோடு திருப்பி அனுப்பினார்கள். அடுத்து இன்னொன்று. காக்டெயில் கலப்பவர்கள் கணக்கு வைத்துக் கலப்பவர்கள்; லிக்கரில் இனிப்பு ஏறினால் அவர்கள் கோப்பை முழுவதும் கெட்டுவிடும். முதலாளி கீழே இறங்கி வந்தார். சார் மறைக்காமல் சொன்னார்: தான் ருசி பார்த்தபோது இனிப்பு சரியாகத்தான் இருந்தது. அப்படியானால் தப்பு எங்கே? பாகு கனமானது. நன்றாகக் கலக்காவிட்டால் தொட்டியின் அடியில் தங்கிவிடும். மேலே எடுத்த மாதிரியில் இனிப்பு குறையும், அடியில் பிடித்த பாட்டிலில் திகட்டும். கலக்குவது என் பொறுப்பு.

"ஏம்மா, ஒரு தொட்டிய ஒழுங்கா கலக்கத் தெரியாதா?" என்றார் முதலாளி. "இன்னொரு தடவ திரும்பி வந்துச்சுன்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும்."

 தொட்டியை மணிக்கணக்கில் கலக்க வைத்தேன். பம்ப் போடும் கலியமூர்த்தி அலுத்துக்கொள்ளும் அளவுக்கு. மேலிருந்து ஒரு கிண்ணம், அடியிலிருந்து ஒரு கிண்ணம் எடுத்து நானே ருசி பார்த்தேன். இரண்டும் ஒன்றாகவே இருந்தன, இரண்டுமே இனிப்பாகவே இருந்தன. மறுநாள் காலை சார் அதே சரக்கை வாயில் வைத்து, "இன்னும் கொறச்சலா இருக்குதே" என்றார்.

"எனக்கு நல்லா தித்திக்குது சார்."

"வசந்தா, தயவு செஞ்சி கலக்குங்க."

தயவு செஞ்சி என்று சொல்லிவிட்டார். மறுபடி பம்பைப் போடச் சொன்னேன். அந்த மனிதரின் நாக்கு தப்பு என்று நினைப்பதைவிட என் நாக்கு கெட்டுவிட்டது என்று நினைப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. இரவில் தங்கியிருந்த அறைக்குப் போய்ச் சர்க்கரையை வாயில் போட்டுப் பார்ப்பேன். இனிக்கும். இனிக்கிறது என்று நம்பவும் பயமாக இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் ஊறவைக்கும் ஜாடிகள் சில விரிசல் விட்டன. புதியவை வேண்டும். செல்வராசின் யூனிட்டில் செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக அகலும் ஃபியூஸ் கேரியரும் செய்கிற ஆட்களுக்கு இடுப்பளவு ஜாடி செய்வது ஒரு பெருமை. அதைப் பார்த்து வாங்க சாரும் நானும் கம்பெனி வண்டியில் விருத்தாசலம் வந்தோம்.

சார் ஒவ்வொரு ஜாடியாக விரல் முட்டியால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். உள்ளே கையை விட்டுப் பளபளப்பில் சொரசொரப்பு தட்டுகிறதா என்று தடவினார். பிறகு ஜாடியைச் சாய்க்கச் சொல்லி, மெருகு பூசாத அடிப்பகுதியைத் துணியால் துடைத்துவிட்டு நாக்கை வைத்தார். யூனிட் ஆட்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டிருந்த பெண்கள் தூரிகையைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

"என்னா சார், ஜாடிக்கும் ருசி இருக்குதா?" என்று செல்வராசு கேட்டார்.

"சூடு பத்தலன்னா நாக்க இழுத்துப் புடிச்சிக்கும். அப்படிப்பட்ட ஜாடி ஊத்தறதையெல்லாம் அதுவே குடிச்சிரும். எங்களுக்குக் குடிக்காத ஜாடிதான் வேணும்" என்றார் சார்.

இரண்டை மட்டும் ஒதுக்கினார். மற்றதெல்லாம் தேறின. சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்துப் போனோம். பெரிய நாக்குக்காரர் வருகிறார் என்று என் மாமியார் காலையிலிருந்தே அமர்க்களப்படுத்தியிருந்தார். சேமியா பாயசத்துக்கு வழக்கத்தைவிட இரண்டு கை சர்க்கரை அதிகம்.

இலை போடும் முன் சார் கை கழுவக் கொல்லைப்பக்கம் போனார். நான் துண்டு எடுத்துக்கொண்டு பின்னால் போனபோது, சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பச்சையாக ஒரு பொடியை வாயில் போட்டு மெதுவாகச் சப்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் "வயித்துக்கு" என்று சொல்லிவிட்டு வாயைக் கொப்பளித்தார்.

சாப்பாடு நன்றாகவே போனது. கடைசியில் பாயசம். இரண்டு வாய் குடித்துவிட்டு மாமியாரைப் பார்த்துக் கும்பிட்டார். "சக்கரைய கம்மியா போட்டு செஞ்சிருக்கீங்க. இதான்மா எனக்குப் புடிக்கும்" என்றார். மாமியார் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அடுத்துப் பூவன் பழத்தை உரித்து ஒரு கடி கடித்தார். "பழம் இன்னும் ரெண்டு நாள் போகணும்" என்று மீதியை இலையில் வைத்தார். அந்தப் பழம் தோல் கறுத்து, நான் சீப்பைத் தொட்டதுமே கையோடு வந்த பழம்.

எனக்கு என்னவோ உறுத்தியது. சார் செல்வராசோடு வாசலில் பேசிக்கொண்டிருந்தபோது கொல்லைக்குப் போனேன். துணி துவைக்கும் கல்மேல் பொட்டலத்தை மறந்து வைத்திருந்தார். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு, தெரியாத பொடியைக் கண்டால் நாக்கில் வைக்காமல் விடமாட்டோம். கொஞ்சம் எடுத்துச் சப்பினேன். கசப்பு, லேசாகப் புல் வாசனை. வாயைக் கொப்பளித்துவிட்டு, யோசனையோடு அடுப்படிக்கு வந்து பாயசத்தில் ஒரு கரண்டி எடுத்துக் குடித்தேன்.

மாவுத் தண்ணீர். சேமியாவின் வழவழப்பு தெரிகிறது, பாலின் வாசனை தெரிகிறது, ஏலம் தெரிகிறது. இனிப்பு மட்டும் யாரோ துடைத்து எடுத்தது போல இல்லை. சர்க்கரை டப்பாவைத் திறந்து ஒரு பிடி வாயில் போட்டேன். ஒன்றுமில்லை. "என்னாச்சி உனக்கு?" என்று மாமியார் பயந்துவிட்டார்.  பொடியை அவரிடம் காட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "சிறுகுறிஞ்சான். சக்கரை வியாதிக்காரங்க தின்றது" என்று சாதாரணமாகச் சொன்னார்.

எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் புரிந்தது. சாருக்குச் சர்க்கரை வியாதி. வெளியே சொல்லவில்லை. வைத்தியர் யாரோ இந்தப் பொடியைச் சாப்பாட்டுக்கு முன் போடச் சொல்லியிருக்கிறார். காலை இட்லிக்கு முன் அவர் செய்யும் வேலையோ ருசி பார்ப்பது. அதாவது தினமும் இனிப்பைக் கொன்றுவிட்டு வந்து, இனிப்பு போதவில்லை என்று என்னைப் பாகு ஊற்றச் சொல்லியிருக்கிறார். டீயில் சர்க்கரை கிடையாது என்பதால் அவருக்குத் தெரிய வழியும் இல்லாமல் போயிற்று. கசப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், நாள் முழுக்கக் கசப்பிலேயே புழங்குகிறவருக்கு ஒரு இலையின் கசப்பு என்ன பெரிய விஷயம்.

திரும்பும்போது வண்டியில் நான் பின் இருக்கையில் ஏறிக்கொண்டேன். பொட்டலம் என் கைப்பையில் இருந்தது. பண்ருட்டி வரும்வரை இரண்டு மனதாக இருந்தேன். முதலாளியிடம் சொன்னால் என் வேலை தப்பும், இந்த மனிதரின் தொழில் அன்றோடு முடியும். சொல்லாவிட்டால் அடுத்த சரக்கும் திரும்பி வரும், நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு விருத்தாசலத்துக்கே வந்துவிட வேண்டியதுதான். சார் முன் இருக்கையில் தூங்கிக்கொண்டு வந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. இத்தனை நாள் என்னை அழவைத்துவிட்டு எவ்வளவு நிம்மதியாகத் தூங்குகிறார் என்று வந்தது. பண்ருட்டி தாண்டியதும் முடிவு செய்தேன், முதலில் அவருக்கே தெரியட்டும்.

மறுநாள் காலை வழக்கம்போல மாதிரியை வைத்தேன். அவரிடம் வேறு பொட்டலம் இருந்திருக்க வேண்டும். ருசி பார்த்துத் துப்பிவிட்டு, "கொறச்சல்" என்றார். நான் சரி என்று எடுத்துக்கொண்டேன், பாகு சேர்க்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன், அவர் பொடி போடுவதற்கும் முன்பாக, அதே பாட்டிலிலிருந்து இன்னொரு கிண்ணத்தில் ஊற்றி எடுத்துப் போனேன். அந்த நேரத்தில் அவர் ருசி பார்ப்பது வழக்கமில்லை.

"இதையும் கொஞ்சம் பாருங்க சார்."

வாயில் வைத்ததும் முகத்தைச் சுளித்தார். "என்னா இது, பானகமா? யாரு செஞ்ச வேல இது? தயவு செஞ்சி இத வெளிய அனுப்பிடாதீங்க."

"காலையில கொறச்சல்னீங்களே சார், அதேதான். ஒரே பாட்டிலு."

அவர் கிண்ணத்தை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "என்னைச் சோதன பண்றீங்களா?" என்றார். குரல் உயர்ந்ததை அன்றுதான் கேட்டேன். நான் கைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"எங்க வூட்டுல துணி தோய்க்கிற கல்லுமேல விட்டுட்டு வந்துட்டீங்க. நானும் வாயில போட்டுப் பாத்தேன் சார். பாயசம் இனிக்கல. சக்கரையே இனிக்கல."

அவர் பொட்டலத்தை எடுத்து முகர்ந்தார். பிறகு பிரித்தார். பொடியை வாயில் போட்டுச் சப்பி, கொப்பளித்து, கையை நீட்டினார். நான் சர்க்கரை டப்பாவைக் கொடுத்தேன். ஒரு சிட்டிகை போட்டார். இன்னொரு சிட்டிகை. கண்களை மூடிக்கொண்டு மென்றார். "மணலு" என்றார். "வசந்தா, இது மணலுங்க."

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம். தன் தலைக்கு வந்த ஆபத்தை அந்த மனிதர் சுத்தமாக மறந்துபோனார். உப்பு கொண்டாங்க என்றார். உப்பு கரிக்கிறது. நிலவேம்புச் சாறு கசக்கிறது. ஆரஞ்சுச் சுளையை வைத்தார், புளிப்பு மட்டும் வருகிறது. "இனிப்ப மட்டும் எப்படிங்க தனியா புடுங்குது?" என்று என்னைக் கேட்டார், நான் என்னவோ அந்த இலையைப் படைத்தவள் மாதிரி. நானும் சேர்ந்து பொடியைப் போட்டுக்கொண்டேன். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தேன், வெல்லம், பாகு என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, மணல், பசை, எண்ணெய் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் நாக்கின் ஓரத்தில் மெல்ல இனிப்பு திரும்பியது. "வருது, வருது" என்றார். முழுவதும் வந்தபோது அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"கலக்கலன்னு உங்களத்தானே சொன்னேன்" என்றார்.

நான் மேசைமேல் இருந்த கிண்ணங்களை அடுக்கிக் கழுவ எடுத்துப் போனேன். 

அவர் பொட்டலத்தையும் சர்க்கரை டப்பாவையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில், "தண்ணி கொண்டாங்கய்யா, என்னா கண்றாவி இது" என்று முதலாளி கத்துவது கேட்டது. அவரையும் பொடியைத் தின்னவைத்துவிட்டார். பிறகு என்னையும் கூப்பிட்டார்கள். முதலாளி வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சக்கர இருக்குதுன்னு ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா அந்த ரூமுக்குள்ள என்னை வுட்டிருப்பீங்களா சார்?" என்றார் ஞானப்பிரகாசம் சார். "தப்பு கலக்குனதுல இல்ல. என் நாக்குல. அத எல்லார் எதிர்லயும் சொல்றேன்."

"அப்ப இனிமே இனிப்பு யாரு பாக்குறது?"

சார் என்னைக் காட்டினார்.

"அந்தம்மா ஒரு வாய் கூடக் குடிச்சதில்லையே?"

"அதனாலதான் சொல்றேன்."

முதலாளிக்கு மனம் ஒப்பவில்லை. திரும்பி வந்த சரக்கு முழுவதும் ஒரு தொட்டியில் கிடந்தது. அதைச் சரிசெய்து காட்டட்டும், ஓட்டலில் ஏற்றுக்கொண்டால் பார்க்கலாம், இல்லாவிட்டால் இரண்டு பேருமே வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

இனிப்பு ஏறிய சரக்கைச் சரிசெய்ய ஒரே வழிதான். பாகு சேர்க்காத மசாலாச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் விட வேண்டும். ஜாடிகளில் இருந்த சாறு அத்தனையும் அந்தத் தொட்டிக்குத் தேவைப்படும்போல இருந்தது. கொஞ்சம் அதிகமாக விட்டால் பட்டையும் கிராம்பும் தூக்கிக்கொண்டு வாயை எரிக்கும். விட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. மறுநாள் காலை கலியமூர்த்தி பம்பைப் போட்டார். சார் அன்று பொடி போடவில்லை. எனக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் கிண்ணத்தில் பிடித்துப் பிடித்து ருசி பார்த்துத் துப்பினேன். இனிப்பு இறங்கிக்கொண்டே வந்தது. நாரத்தைத் தோலின் கசப்பு மெல்லத் தலைகாட்டியது. பிறகு ஒரு கிண்ணத்தில், இனிப்பு முதலில் வந்து, அது போன இடத்தில் ஏலம் வந்து நின்றது.

"நிறுத்துங்க" என்றேன்.

கலியமூர்த்தியின் கை சுவிட்சில்தான் இருந்தது. ஆனால் அழுத்தவில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்கு மேலே சாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடப் பழக்கம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சாறு தொட்டியில் விழுந்துகொண்டே இருந்தது. நானும் திரும்பினேன். சார் கிண்ணத்தை வாங்கி ருசி பார்ப்பார், ஒரு தலையசைப்பு அசைப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் எங்கள் இருவருக்கும் முதுகைக் காட்டித் திரும்பினார். கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

கலியமூர்த்திக்குப் பார்ப்பதற்கு என்னைத் தவிர வேறு ஆள் இல்லை. பம்ப் நின்றது.

அந்தச் சரக்கு திரும்பி வரவில்லை. சார் அதன்பின் பிட்டர்ஸ் பக்கம் மட்டும் பார்த்துக்கொண்டார், பொடியையும் பயமில்லாமல் போட்டுக்கொண்டார். நான் ஓய்வு பெறும்வரை இனிப்பை நான்தான் பார்த்தேன். ஓய்வு பெற்ற அன்று எனக்குச் சால்வை போர்த்தினார்கள், கை தட்டினார்கள், முதலாளி என்னைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகப் பேசினார். எனக்கு முதுகைக் காட்டி மரியாதை செய்தவர் ஞானப்பிரகாசம் சார் ஒருவர்தான்.